குளியலறைச் சுவருக்கு அலங்காரப் பேனல்: ஒட்டுவதற்கு முன் ஓதத்தைக் கவனியுங்கள்

கேள்வி: பாலக்கோடு அருகே ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். எங்களுடையது 2009-இல் கட்டிய தார்சு வீடு. படுக்கையறையை ஒட்டிய குளியலறை 5 அடிக்கு 8 அடி, உயரம் 9 அடி. ஷவர் உள் கோடியிலும் வாஷ் பேசின் கதவை ஒட்டியும் உள்ளன. சுவரில் 4 அடி உயரம்வரை டைல்ஸ், அதற்கு மேல் பெயிண்ட். சுவருக்குள் ஜி.ஐ. பைப் பதித்திருக்கிறோம், வருவது போர் தண்ணீர். கொசுத் தொல்லைக்காக வென்டிலேட்டரைக் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டோம். கூரையை ஒட்டிய மூலைகளில் கறுப்புப் புள்ளிகள் படர்கின்றன. துடைத்தாலும் மறுபடி வருகின்றன. ஷவர் சுவரின் மறுபக்கம், படுக்கையறையில், தரையிலிருந்து இரண்டடிவரை பெயிண்ட் உப்பி உதிர்கிறது. தை மாதக் கடைசியில் மகளுக்குத் திருமணம். தர்மபுரியில் ஒரு கடையில் மரம் போலத் தெரியும் வரிவரியான பேனலைக் காட்டி, ‘இரண்டே நாளில் முடித்துவிடலாம், குறையெல்லாம் மறைந்துவிடும்’ என்றார்கள். அழகாக இருந்ததால் முன்பணம் கொடுத்துவிட்டேன். என் கணவரோ, ‘பக்கத்திலேயே கிரானைட் கிடைக்கும்போது பிளாஸ்டிக் எதற்கு’ என்கிறார். யார் சொல்வது சரி? பேனல் ஒட்டினால் எத்தனை ஆண்டு நிற்கும்?

— ஒரு வாசகி, பாலக்கோடு வட்டம்

பதில்:

அன்புள்ள அம்மையீர், வணக்கம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள், உங்கள் கணவர், கடைக்காரர் என மூன்று பேர் பேசுகிறீர்கள். நான்காவதாக அந்தச் சுவரும் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. பேனல் ஒட்டினால் குறையெல்லாம் மறைந்துதான் போகும். மறைந்தபின் அது எந்த வேகத்தில் வளர்கிறது என்பதை உங்களால் பார்க்க முடியாது என்பதுதான் எனக்குக் கவலை. ஆகவே பேனலா, கிரானைட்டா என்ற வழக்கைச் சற்று ஒத்திவைத்துவிட்டுச் சுவரிலிருந்து தொடங்குகிறேன்.

நீங்கள் ஒரே குறையாக எண்ணி எழுதியிருப்பவை இரண்டு தனிக் குறைகள். மேலே கூரையை ஒட்டி வரும் கறுப்புப் புள்ளிகள் பூஞ்சணம். வெந்நீரில் குளிக்கும்போது எழும் ஆவி, வெளியேற வழியில்லாமல் மேலே சென்று, இரவுக் குளிரில் சில்லிட்டிருக்கும் கூரைத் தளத்திலும் அதன் மூலைகளிலும் நீர்த்துளியாகப் படிகிறது. தினமும் ஈரம் காயாத அந்த இடத்தில்தான் பூஞ்சணம் வேர்விடுகிறது. அந்த ஈரம் அறையின் காற்றிலிருந்து வருகிறது. கீழே படுக்கையறைப் பக்கம் பெயிண்ட் உப்பி உதிர்வதோ சுவருக்குள்ளிருந்து வரும் ஓதம். தண்ணீர் செங்கல்லிலும் சிமென்ட்டிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு பூச்சின் மேற்பரப்புக்கு வந்து ஆவியாகிறது, உப்பு மட்டும் அங்கே தங்கிப் படிகமாகி வளர்ந்து, பூச்சையும் பெயிண்டையும் உள்ளிருந்து தள்ளிவிடுகிறது. முதல் குறைக்கு மருந்து காற்றோட்டம், இரண்டாவதற்கு மருந்து கசிவை அடைப்பது. ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு உதவாது.

இதை நான் கடிதத்தைப் படித்தே சொல்கிறேன் என்பதால், நீங்களே சோதித்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஓரடிச் சதுரமான கனத்த பாலித்தீன் தாள் இரண்டை எடுத்து, ஒன்றைக் குளியலறையின் மேல் சுவரிலும் மற்றொன்றைப் படுக்கையறையில் உதிரும் இடத்துக்குச் சற்று மேலே பெயிண்ட் பொருக்கைச் சுரண்டிவிட்டும், நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் அறையை நோக்கிய முகத்தில் துளிகள் இருந்தால் ஈரம் காற்றிலிருந்து படிகிறது. சுவரை நோக்கிய முகத்தில் இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. செலவு பத்து ரூபாய்கூட ஆகாத இந்தச் சோதனையைச் செய்யாமல் பேனலுக்கு அளவெடுக்க வருபவரை நான் நம்புவதில்லை.

கீழ்ச் சுவரின் கசிவு எங்கிருந்து என்பதைக் கண்டுபிடிப்பதே இந்த வேலையின் பெரும்பகுதி. எனக்கு முதல் சந்தேகம் ஜி.ஐ. பைப்பின் மீது. பூச்சுக்குள் புதைந்த ஜி.ஐ. பைப், மரை வெட்டிய இணைப்புகளில் இரும்பின் மேலுள்ள துத்தநாகப் பூச்சு போய்விடுவதால், அங்கேதான் முதலில் துருப்பிடிக்கும். ஊசிமுனை அளவு ஓட்டை போதும், இரவும் பகலும் சுவருக்குத் தண்ணீர் ஊட்டிக்கொண்டே இருக்கும். பிளம்பரிடம் கைப்பம்பும் அழுத்தமானியும் இருந்தால், குழாய்களையெல்லாம் அடைத்து லைனில் அழுத்தம் ஏற்றி இரண்டு மணி நேரம் விடச் சொல்லுங்கள். முள் இறங்கினால் கசிவு குழாயில்தான். அந்தக் கருவி கிடைக்காவிட்டால், வீட்டார் ஊருக்குச் செல்லும் இரண்டு மூன்று நாட்களில், மேல்நிலைத் தொட்டியிலிருந்து குளியலறைக்கு வரும் கேட் வால்வை மூடாமல் விட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து ஓதத்தின் விளிம்பைப் பாருங்கள். போகும் முன் பென்சிலால் அந்த விளிம்பைக் கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாரும் குளிக்காத நாட்களிலும் ஓதம் குறையவில்லை என்றால் குழாயைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். குறைந்திருந்தால் தரையையும் டைல்ஸ் சந்துகளையும் பார்க்க வேண்டும்.

தரைக்கான சோதனை எளிது. தரைத் தண்ணீர் வெளியேறும் நானி டிராப்பின் வாயைத் துணியும் களிமண்ணும் வைத்து அடைத்து, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் மட்டத்தைக் குறித்துவிட்டு, ஒரு முழு நாள் விடுங்கள். ஆவியாவதால் சில மில்லிமீட்டர் குறைவது இயல்பு. அதற்கு மேல் இறங்கினால், டிராப்பைச் சுற்றிய கலவையோ தரையும் சுவரும் சேரும் மூலையோ விட்டுக்கொடுத்திருக்கிறது. இதோடு வீட்டுக்கு வெளியே சென்று, குளியலறைத் தண்ணீர் விழும் சேம்பரின் மூடியையும் திறந்து பாருங்கள். அடைத்துக்கொண்ட சேம்பர் ஒன்று அடித்தளத்தை ஒட்டித் தண்ணீரைத் தேக்கிவைத்து, உள்ளே எல்லோரும் குழாயைத் திட்டிக்கொண்டிருந்த வீடுகளைக் காரிமங்கலத்திலும் காவேரிப்பட்டணத்திலும் பார்த்திருக்கிறேன்.

குழாய்தான் காரணம் என்றால், துருப்பிடித்த ஓரிடத்தை மட்டும் வெட்டி ஒட்டுப்போட வேண்டாம். 2009-இல் போட்ட லைனில் இன்று ஓர் இணைப்பு போனால் அடுத்தது போக அதிக நாளாகாது. பழைய லைனை இரு முனையிலும் அடைத்துவிட்டு, வெந்நீருக்கும் சேர்த்து, சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி. குழாயில் புது லைன் இழுத்து, பூசி மூடும் முன் அழுத்தச் சோதனை செய்து, செல்போனில் சுவர் முழுவதையும் அளவு நாடாவுடன் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் பேனலுக்கு டிரில் போடும்போது அந்தப் படம் உங்கள் சுவரைக் காப்பாற்றும்.

தரையோ சந்துகளோ காரணம் என்றால், ஷவர் பகுதியின் டைல்ஸைப் பெயர்த்து எடுப்பதைத் தவிர நல்ல வழியில்லை. பூச்சைச் சீராக்கி, மூலைகளை உருட்டலாக மெழுகி, அங்கே ஃபைபர் வலை வைத்து, பாலிமர் கலந்த சிமென்ட் நீர்த்தடுப்புப் பூச்சை முதல் கை கிடைவாட்டிலும் இரண்டாம் கை செங்குத்தாகவும் அடிக்க வேண்டும். தரை முழுவதும், மற்றச் சுவர்களில் ஓரடி உயரமும், ஷவர் சுவர்களில் ஏழடி உயரமும் இந்தப் பூச்சு ஏற வேண்டும். அது நன்றாக இறுகியபின் மறுபடி தண்ணீர் கட்டிப் பார்த்துவிட்டே டைல்ஸ் ஒட்ட அனுமதியுங்கள். தரையின் வாட்டம் டிராப்பை நோக்கி 8 அடிக்கு ஓர் அங்குலமாவது இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்து நீங்களே பாருங்கள். அதைப் பார்க்க எஞ்சினீயர் தேவையில்லை.

படுக்கையறைப் பக்கம் செய்யக்கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உதிரும் இடத்தில் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பது எல்லோரும் செய்யும் வேலை. உப்பு உள்ளேயே இருக்க, அடுத்த மழைக்குள் பட்டி அப்படியே பொருக்காக வந்துவிடும். ஓதம் ஏறிய உயரத்துக்கு மேலும் ஓரடி சேர்த்துப் பழைய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுங்கள். வெளியே தெரியும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து மறுபடி செங்கல்லுக்குள்தான் போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். பிறகு அந்தச் சுவரைத் திறந்தே விடுங்கள். 9 அங்குலச் செங்கல் சுவர் குடித்த தண்ணீர் சில நாட்களில் போகாது, பல வாரங்கள் ஆகும். இப்போது கார்த்திகைத் தொடக்கம். வடகிழக்குப் பருவமழை ஓயாத இந்த நாட்களில் இன்னும் மெதுவாகத்தான் காயும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நான் இதில் கைசுட்டுக்கொண்டவன். தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், ஓசூரில் ஒரு வீட்டுக் குளியலறையில், வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார் என்பதற்காக, ஓதம் காத்த சுவரின் மீதே ரீப்பர் கட்டை அடித்து, மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் வரி வெட்டி வண்ணம் பூசிய பேனலை மாட்டிக் கொடுத்தேன். பார்த்தவரெல்லாம் பாராட்டினார்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் இருக்கும் ஊர்; மார்கழிக் காலையில் சுவர் பனிக்கட்டிபோல இருக்கும், வெந்நீர் ஆவி அதில் வழிந்தோடும். ஆறாவது மாதம் பலகையின் அடி விளிம்பு அப்பளம்போல ஊதியது. கழற்றிப் பார்த்தபோது ரீப்பர் கட்டையைக் கரையான் பாதி தின்றிருந்தது. மீதிப் பாதியில் கரப்பான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. கூலி வாங்காமல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு டைல்ஸ் ஒட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஈரச் சுவரின் மீது எதையும் மாட்டுவதில்லை.

மேல் மூலைப் பூஞ்சணத்துக்கு வருவோம். வென்டிலேட்டர் கண்ணாடியை எடுத்துவிட்டுக் கொசுவலையை அடியுங்கள். அதே இடத்தில் 6 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றைப் பொருத்துங்கள். உங்கள் அறையின் கொள்ளளவு 360 கன அடி. மணிக்கு எட்டு முறை காற்று மாற வேண்டும் என்று வைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 48 கன அடி வெளியேற வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண 6 அங்குல ஃபேனே அதைவிட அதிகம் இழுக்கும். ஆனால் வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வர வேண்டுமே. கதவின் அடியில் முக்கால் அங்குலம் இடைவெளி விடுங்கள். குளித்து முடித்தபின்னும் கால் மணி நேரம் ஃபேன் ஓடட்டும். இப்போதிருக்கும் கறையைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த தெளிநீரால் துடைத்துக் காயவிடுங்கள். அதே வேளையில் ஆசிட்டைத் தொடாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், அடைத்த அறையில் அது உயிருக்கே ஆபத்து.

உங்கள் வீட்டில் கேஸ் கீசர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அதைக் குளியலறைக்கு வெளியே காற்றோட்டமான இடத்துக்கு மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. அது எரியும்போது அறையின் ஆக்சிஜனைக் குடித்து, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடை விடக்கூடியது. வென்டிலேட்டரை அடைத்துவிட்டுப் பேனலால் சந்துபொந்துகளையும் மூடிய அறையில் அதை எரிப்பது பற்றி நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

இனி நீங்கள் கேட்ட வழக்கு. கடையில் காட்டிய படங்களில் குளியலறையைக் கண்ணாடித் தடுப்பு இரண்டாகப் பிரித்திருக்கும். ஒரு பக்கம் ஷவர், மறுபக்கம் சொட்டுத் தண்ணீர் படாத வாஷ் பேசின். நம் வீட்டுக் குளியல் அப்படியில்லை. பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, மக்கால் மொண்டு ஊற்றி, எண்ணெய்க் குளியலன்று தலையைச் சிலுப்பி, கடைசியில் அறை முழுவதையும் தென்னந் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிவிடுவது நம் வழக்கம். ஆகவே நம் குளியலறையில் 4 அடி உயரம்வரை நான்கு சுவரும் ஈரப் பகுதிதான். ஷவரைச் சுற்றி ஏழடி வரை ஈரப் பகுதி. இந்தப் பகுதிக்கு டைல்ஸோ கல்லோ தவிர வேறொன்றையும் நான் ஒப்ப மாட்டேன். இதில் உங்கள் கணவர் சொல்வது சரி. கதவை ஒட்டி, வாஷ் பேசினுக்கு மேலே, 4 அடிக்கு மேற்பட்ட சுவரில் தண்ணீர் தெறிப்பது அரிது; அங்கே உங்கள் பேனல் தாராளமாக இருக்கலாம்.

கிரானைட்டைப் பற்றிச் சில சொற்கள். கிருஷ்ணகிரி, பர்கூர், ஜெகதேவி வட்டாரத்தில் கல்லை அறுத்து மெருகேற்றும் பட்டறைகளுக்குக் குறைவில்லை. முழுப் பலகையில் அறுத்தது போக மிஞ்சும் கட் பீஸ்கள் சமையல் மேடைக்குப் போதாதவையாக இருந்தாலும் குளியலறைச் சுவருக்குத் தாராளமாகப் போதும், விலையும் பேசி வாங்கலாம். ஆனால் எடையை மறக்க வேண்டாம். 18 மி.மீ. கனமுள்ள கல் சதுர அடிக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ இருக்கும். 2 அடிக்கு 4 அடித் துண்டு ஒன்று 36 கிலோ. அதை வெறும் சிமென்ட் பாலில் பழைய டைல்ஸின் மீது ஒட்டுவது விபத்தை அழைப்பது. டைல்ஸை எடுத்துவிட்டு, பூச்சைக் கொத்திவிட்டு, கல்லுக்கான பாலிமர் பசையில், கல்லின் முதுகு முழுவதும் பசை படும்படி ஒட்ட வேண்டும். இடுப்பு உயரத்துக்கு மேலே போகும் கல்லுக்குப் பின்புறம் துருப்பிடிக்காத எஃகுக் கொக்கியும் வேண்டும். நிறத்தில் கறுப்பைத் தவிர்த்துவிடுங்கள். போர் தண்ணீர் காய்ந்தால் கறுப்புக் கல்லில் ஒவ்வொரு துளியும் வெள்ளை வட்டமாக நிற்கும். சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்த வகைகளில் அது கண்ணுக்குப் படாது.

பேனலில் பெயர்கள் ஏராளம், பொருள்கள் சிலவே. 10 அங்குல அகலத்தில் 10 அடி நீளத்துக்கு வரும், உள்ளே கூடுகூடாக இருக்கும் மெல்லிய பி.வி.சி. பேனல் தண்ணீருக்கு அஞ்சாது, ஆனால் முழங்கை இடித்தால் நெளியும். அதன் கூடுகள் இரு முனையிலும் அடைக்கப்படாவிட்டால் எறும்பும் கரப்பானும் குடிவரும். 8 அடிக்கு 4 அடியில் வரும் மார்பிள் போன்ற யு.வி. தாள், பி.வி.சி.யோடு சுண்ணாம்புக்கல் பொடி கலந்து செய்தது. சுவர் மட்டமாக இருந்தால் மட்டுமே அழகாக உட்காரும். சார்கோல் பேனல் என்று விற்பவை பெரும்பாலும் பாலிஸ்டிரீனில் செய்தவை. சாதாரண ரப்பர் பசையின் கரைப்பான் பட்டாலே அரித்துவிடும், குளியலறைக்கு வேண்டாம். எம்.டி.எஃப். பற்றி என் கதையே போதும். பிளைவுட்டை யாராவது சொன்னால், 72 மணி நேரம் கொதிநீரில் போட்டுச் சோதிக்கும் ஐ.எஸ். 710 தரம்கூட ஒட்டுப் பிரியாமல் இருப்பதற்கான உறுதிதானே தவிர, தினமும் நனையும் விளிம்பு கறுக்காது என்பதற்கு உறுதியன்று.

நீங்கள் பார்த்த வரிவரியான மரத்தோற்றப் பேனல் அநேகமாக டபிள்யூ.பி.சி.யாக இருக்கும், பிளாஸ்டிக்கும் மரத்தூளும் கலந்து வார்த்தது. கடைக்காரரிடம் ஒரு சிறு துண்டு வாங்கி, கனத்தை அளந்து எழுதிவைத்து, ஒரு வாரம் தண்ணீரில் மூழ்கவைத்து மறுபடி அளந்து பாருங்கள். ஊதாமல் இருந்தால் வாங்கலாம். மரத்தூள் கலந்ததால் அறுத்த முனைகள் மட்டும் சிறிது தண்ணீர் குடிக்கக்கூடும். ஒவ்வொரு அறுத்த முனையையும் சிலிக்கானால் மெழுகியே மாட்டச் சொல்லுங்கள்.

அளவும் உங்களுக்கு வாய்ப்பாக அமைந்திருக்கிறது. இந்தப் பேனல் பொதுவாக 9½ அடி நீளத்தில் வரும். பாதியாக அறுத்தால் 4¾ அடி. டைல்ஸ் முடியும் 4 அடியிலிருந்து வைத்தால் 8¾ அடியில் நிற்கும், கூரைக்குக் கீழே 3 அங்குலம் திறந்திருக்கும். அந்த இடைவெளியை மூட வேண்டாம், காற்றுப் போக அதுதான் வழி. தெரியும் அகலம் 160 மி.மீ. என்றால் பேசினுக்கு மேல் 3 அடிச் சுவருக்கு ஆறு துண்டு, அதாவது மூன்று முழுப் பேனல். சேதாரம் ஏறக்குறைய இல்லை. கடையில் அறை முழுவதுக்கும் கணக்குப் போட்டு முன்பணம் வாங்கியிருந்தால் இந்தக் கணக்கைக் காட்டிக் குறைக்கச் சொல்லுங்கள்.

பொருத்தும்போது வரிகள் செங்குத்தாகவே இருக்கட்டும்; கிடைவாட்டில் வைத்தால் ஒவ்வொரு வரியும் தூசியும் நீரும் தங்கும் திண்ணையாகிவிடும். செங்குத்துப் பேனலைத் தாங்கும் சட்டம் கிடையாகப் போக வேண்டும். அதை ஒரே நீளமாக ஓட்டினால் பின்புறக் காற்று மேலே ஏறாது. ஒன்றரை அடிக்கு ஒரு வரிசையாக அலுமினியச் சேனலை அடித்து, ஒவ்வொரு வரிசையையும் துண்டாக வெட்டி நடுவில் இரண்டு அங்குலம் விட்டுவிட்டு வைத்தால் காற்றுக்கு வழி கிடைக்கும். மர ரீப்பர் எக்காரணத்தாலும் வேண்டாம். திருகுகள் 304 தர எவர்சில்வராக இருக்கட்டும். சாதாரணத் திருகு ஒரே மழைக்காலத்தில் துருவைச் சுவரில் வடிக்கும். வெயிலில் பி.வி.சி. நீளும், முழு 9½ அடிப் பேனல் 20 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும் என்பதால், இரு முனையிலும் மூன்று மில்லிமீட்டர் விடாமல் இறுக்கி அடித்தால் சித்திரையில் வயிறு தள்ளி நிற்கும்.

எல்லாவற்றையும்விட நான் கவனித்துப் பார்க்கும் இடம், பேனலின் அடி விளிம்பு டைல்ஸைச் சந்திக்கும் இடம். டைல்ஸின் மேல் விளிம்பு பூச்சிலிருந்து அரை அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வழியும் தண்ணீர் அந்தத் திண்ணையில் தங்கிப் பேனலுக்குப் பின்னால் இறங்கும். அங்கே வெளிப்பக்கம் சரிவு வைத்து அறுத்த மெல்லிய கிரானைட் பட்டை ஒன்றை, அதன் விளிம்பு டைல்ஸைத் தாண்டிக் கால் அங்குலம் நீட்டும்படி பதித்துவிட்டு, பேனலை அதற்கு மேலே கால் அங்குலம் தூக்கி நிறுத்துங்கள். கிரானைட்டுக்கு உங்கள் கணவர் வைத்த ஆசையும் ஓரளவு நிறைவேறும். அந்தக் கால் அங்குல இடைவெளியை மேஸ்திரி பாசத்தோடு சிலிக்கான் போட்டு அடைக்க வருவார், தடுத்துவிடுங்கள். உள்ளே போன ஈரம் வெளியேறும் வாசல் அது. பூச்சி புகாமல் மெல்லிய எவர்சில்வர் வலைப் பட்டி மட்டும் வைக்கலாம். பக்கவாட்டு ஓரங்களுக்கும் மூலைகளுக்கும் சிலிக்கான் வேண்டும். காடி நெடி அடிக்கும் மலிவு வகையை விட்டு, பூஞ்சணத் தடுப்புச் சேர்த்த நியூட்ரல் வகையை வாங்குங்கள்.

கீசரைப் பற்றி மின்பணியாளரிடம் கண்டிப்பாகப் பேசுங்கள். 25 லிட்டர் கீசர் தண்ணீரோடு 35 கிலோவுக்கு மேல் இருக்கும். அதன் ஆங்கர் போல்ட் செங்கல்லில் இறங்க வேண்டும், பேனலின் மீது தொங்கக் கூடாது. அதைவிட முக்கியம், அலுமினியச் சேனலுக்கு அடிக்கும் திருகு ஒன்று பதித்த ஒயரைத் துளைத்துவிட்டால், பேனலுக்குப் பின்னால் உள்ள சட்டம் முழுவதும் மின்சாரம் பாயும். முன்னே சொன்ன படம் இங்கேதான் கை கொடுக்கும். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால் பேனலுக்கு முன் அதை வாங்குங்கள். ஸ்விட்ச் பெட்டியையும் பேனலின் முகத்துக்குச் சமமாக முன்னே இழுத்துப் பொருத்தச் சொல்லுங்கள்.

எத்தனை ஆண்டு நிற்கும் என்று கேட்டிருந்தீர்கள். காய்ந்த சுவரில், காற்று வரும் அறையில், நல்ல டபிள்யூ.பி.சி. அழுகிப்போக வாய்ப்பில்லை, முதலில் தளர்வது சிலிக்கான் ஓரம்தான். என் அனுபவத்தில் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைச் சுரண்டிப் புதிதாக வைத்தால் போதும். மற்றபடி அதன் ஆயுள் உங்கள் துடைப்பில் இருக்கிறது. தர்மபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அதனால் பலரும் குளியலறை வெள்ளைக் கறைக்கும் ஃபுளோரைடே காரணம் என்று நினைக்கிறார்கள். கறை படிவது தண்ணீரின் கடினத்தன்மையால், பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதை எடுக்க நம் வீடுகளில் உடனே ஆசிட் புட்டியைத் திறக்கிறோம். அந்த ஆசிட்டின் ஆவி அலுமினியச் சேனலையும் எவர்சில்வர் திருகையும்கூட அரிக்கும், டைல்ஸ் சந்துகளின் சிமென்ட்டையும் கரைக்கும். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோ காடியோ தொட்ட துணியால் வாரம் ஒருமுறை துடைத்து, வெறுந்தண்ணீரில் ஒற்றி எடுத்தால், வரிகளுக்குள் கறை கெட்டிப்படும் முன்பே போய்விடும்.

நாள் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே பாலித்தீன் சோதனையும் தண்ணீர் கட்டும் சோதனையும் முடியட்டும். கார்த்திகைக்குள் குழாயும் சேம்பரும், மார்கழியில் நீர்த்தடுப்பும் ஷவர் பகுதி டைல்ஸும் முடிந்தால், திருமணத்துக்கு வரும் உறவினர்களுக்குப் பழுதில்லாத குளியலறை தயாராகிவிடும். படுக்கையறைச் சுவரில் கொத்திய இடத்துக்கு நீர்த்தடுப்புக் கலவை சேர்த்த சிமென்ட் பூச்சு, ஒரு கை சுண்ணாம்பு, இப்போதைக்கு அது போதும். அதன் முன் பெண்ணின் சீர்வரிசைப் பீரோவை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், காற்றுப் படட்டும். பங்குனியில் மறுபடி பாலித்தீன் தாளை ஒட்டிப் பாருங்கள். இரு முகமும் உலர்ந்திருந்தால் பேனல்காரரை அழைக்கலாம்.

முன்பணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். மூன்று பேனலையும் இப்போதே வாங்கிவைத்துக்கொள்ளலாம், பின்னர் அதே நிறம் கிடைக்காமல் போகக்கூடும். வீட்டுக்குக் கொண்டுவந்தபின் சுவரில் சாய்த்து நிறுத்தினால் வில்லாக வளைந்துவிடும். மொட்டை மாடியிலோ ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையிலோ போட்டாலும் அதே கதிதான். கட்டிலுக்கு அடியில், தரையில், முழு நீளமும் தாங்கும்படி படுக்கை வாட்டில் அடுக்கி, மேலே ஒரு பழைய ஜமக்காளத்தை விரித்துவிடுங்கள்.